கால்மாட்டு வரிசை

1974 மார்ச் 22, வெள்ளி

காலை ஏழு மணிக்கே அனல். காற்று சுத்தமாக நின்றுவிட்டது. தென்னைக்குத் தண்ணீர் விட வேண்டும். பகல் மின்சாரம் வழக்கம்போல் அண்ணன் தோட்டத்துக்கு. எனக்கு ராத்திரி முறை. ஒன்பது வருஷமாக இதே ஏற்பாடு. கிணறு பொது, மோட்டார் பொது, சூரியன் மட்டும் அவனுடையது. நேரில் பேசிய காலத்தில் 'அவர்' என்றேன். இப்போது பேச்சில்லை, ஆகவே 'அவன்'.

மகள் வசந்திக்கு நேற்றோடு பிரீடிகிரி முதல் வருஷப் பரீட்சை முடிந்தது. வீட்டுக்கு வரும்போது கூடவே ஒரு தோழியும் வந்து இறங்கியிருக்கிறாள். செல்வி, மூணாறு மலைப் பக்கம் சித்திரபுரம். தகப்பனார் மின்சார வாரியத்தில் லைன்மேன். ஹாஸ்டலை மூடிவிட்டார்கள், அவர் லீவு வாங்கி வந்து அழைத்துப் போக இரண்டு வாரமாகுமாம். அதுவரை இங்கே. என்னை யாரும் கேட்கவில்லை.

சாப்பிடும்போது விஷயம் வெளியே வந்தது. லீவு முழுவதும் வசந்தியும் சித்திரபுரத்தில் இருக்க வேண்டுமாம்.

"அங்க சித்திரையிலயும் ராத்திரி பல்லு தந்தியடிக்கும் மாமா. அதான் ரெண்டு பேருமா ஒட்டுத்துணிப் போர்வை தைக்கோம். ஹாஸ்டல்ல எல்லாப் புள்ளைகளுக்கும் இப்ப இதுதான் கிறுக்கு" என்றாள் செல்வி.

இந்த வெயிலில் போர்வை!

வசந்தி இதுவரை ஆரம்பித்தவை:
ஒயர் கூடை - பாதி. அதில் இப்போது கோழி அடைகாக்கிறது.
இந்தி - புத்தகம் வாங்கியதோடு சரி.
கைக்குட்டையில் ரோஜாப்பூ - காம்பு மட்டும்.

ஆகவே தைரியமாகச் சொன்னேன்: போர்வையை முழுசாக முடித்தால் போ, ஒரு துண்டு குறைந்தாலும் போகக் கூடாது.

"சத்தியமாங்களா அப்பா?"

"சத்தியம்."

என் மனைவி சரசு சாட்சி. அவள் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

முடிக்க மாட்டாள். நிம்மதி.

மார்ச் 24, ஞாயிறு

வெயில். மூக்கில் ரத்தம், கொஞ்சம். வெங்காயம் முகர்ந்தேன்.

பெண்கள் வேலந்தாவளம் போய்த் தையல்காரர் பழனியிடமிருந்து ஒரு தலையணை உறை நிறையத் துணித்துண்டு வாங்கி வந்திருக்கிறார்கள். யார் துணி தைக்கக் கொடுத்தாலும் பழனி அதில் உள்ளங்கையளவு சதுரமாக வெட்டி பில்லில் குத்தி வைப்பார், துணி மாறிப் போகாமலிருக்க. ஆள் வந்து சட்டையை வாங்கிக்கொண்டு போனதும் துண்டு பையில். எல்லாம் ஒரே அளவு. வெட்டுகிற வேலையே இல்லை. "தெச்சாப் போதும்" என்று குதிக்கிறார்கள்.

பேனா முனையைத் துடைக்க ஒரு துண்டு எடுத்தேன். கறுப்பில் மெல்லிய சிவப்புக் கோடு. எங்கோ பார்த்த துணி.

பார்த்தேன்தான். கூட்டுறவு சங்கச் செயலாளரின் கால்சட்டை! (இனி செ. முழுப்பெயர் எழுத மை வீண்.) சங்கத் தேர்தலில் என்னை மூன்று ஓட்டில் தோற்கடித்து, மறுநாள் இதே கால்சட்டையோடு வீட்டுக்கு வந்து காப்பி கேட்டவன்.

உறையைக் கவிழ்த்துக் கொட்டினேன். ஊரே தரையில் கிடந்தது.

மார்ச் 25, திங்கள்

பழனி ஆண்களுக்கு மட்டும் தைப்பவர். ஆகவே அநேகமாக எல்லாரையும் அடையாளம் தெரிகிறது.

பச்சைக் கட்டம் - பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் (த.ஆ.). எனக்கு வர வேண்டிய வேலை. நான் பி.ஏ. இரண்டாம் வகுப்பு. அவன் மூன்றாம் வகுப்பு. மாமனார் முதல் வகுப்பு.
காப்பிக்கொட்டை நிறம் - மாட்டுத் தரகர். சந்தையில் ராஜா மாதிரி நின்ற காளையை எனக்குத் தள்ளிவிட்டவர். ஏரைக் கண்டால் படுத்துவிடும்.
சந்தனம் - கம்பவுண்டர். என் கல்யாணத்துக்கு எடுத்த ஒரே போட்டோவில் எனக்கு முன்னால் நின்றவர்.
மஞ்சள் கோடு - தபால்காரர். என் கார்டுகளை டீக்கடையில் வாசித்துவிட்டுத்தான் கொண்டு வருவார்.
ஆகாச நீலம் - அண்ணன்.

வெள்ளைச் சட்டைக்காரர்கள் தப்பித்தார்கள். வெள்ளை அழுக்காகும் என்று செல்வி அதையெல்லாம் ஒதுக்கிவிட்டாள்.

மாலையில் சாதாரணமாகச் சொன்னேன்: "எல்லாத்தையும் கலந்து தைத்தால் கண்ணுக்கு நன்றாக இருக்காது. நான் எடுத்துக் கொடுக்கிற வரிசையில் தை. இவை கீழே, கால்மாட்டுக்கு. இவை மேலே."

வசந்திக்கு ஆச்சரியம். "அப்பாவுக்கு இதுலயெல்லாம் இஷ்டமுங்களா!"

செ. கடைசி வரிசை, மூலை. குதிகால் படும் இடம். பக்கத்தில் தரகர். பிறகு த.ஆ. தலைமாட்டில் நான் (என் பிஸ்கட் நிறச் சட்டை), நூலகர், காலமான மாட்டு டாக்டர். இறந்தவர்களோடு எனக்குப் பகையில்லை, இரண்டு பேரைத் தவிர.

ஆகாச நீலத்தைக் கால்மாட்டில்கூட வைக்கவில்லை. அந்தத் தகுதியும் இல்லை. எடுத்து இந்த நோட்டில் வைத்துவிட்டேன், அடையாளத்துக்கு.

பல வருஷமாக இவ்வளவு நன்றாகப் பொழுது போனதில்லை.

மார்ச் 28, வியாழன்

ஒரு சிக்கல்.

கால்மாடு நிறைந்துவிட்டது; நடுப்பகுதியும் போய்விட்டது. தலைமாட்டுக்கு ஆள் போதவில்லை.

அடையாளம் தெரியாத துண்டுகளை எல்லாம் மேலே அனுப்பினேன். முகம் தெரியாதவன் எனக்கு என்ன செய்தான்? அப்படியும் இரண்டு வரிசை காலி. பழனியிடம் வேறு பையும் இல்லை. பழையதை மெத்தைக்குள் திணித்துவிட்டாராம்.

கீழே இருப்பவர்களில் சிலரை மேலே ஏற்றித்தான் ஆக வேண்டும். நாள் முழுக்க அதே யோசனை. தோட்டத்துப் பக்கம் போகவில்லை.

தபால்காரர் - அண்ணன் வீட்டுக் கார்டுகளையும் அவர் டீக்கடையில் வாசிக்கிறார் என்று ஞாபகம் வந்தது. ஏற்றினேன்.
கம்பவுண்டர் - சரசுவிடம் அந்தப் போட்டோ பேச்சை எடுத்தேன். "அவரு மறைச்சது நல்லதாப் போச்சுங்க. அன்னிக்கு உங்க மூஞ்சி பாக்கற மாதிரியா இருந்துச்சு?" என்றாள். ஏற்றினேன்.

சட்னியில் உப்பு அதிகம். சொல்லவில்லை.

மார்ச் 31, ஞாயிறு

த.ஆ.வையும் ஏற்றினேன். மனசில்லாமல். ஒரு தடவை என் குடையை இரவல் வாங்கி, ஒடிந்த கம்பியை மாற்றித் திருப்பிக் கொடுத்தான். கம்பியை ஒடித்தவனும் அவனே என்பதை இப்போதைக்குக் கணக்கில் எடுக்கவில்லை.

ஏப்ரல் 1, திங்கள்

த.ஆ. புதுச் சைக்கிளில் நம் வீட்டைத் தாண்டிப் போனான். மணியடித்தான். குறுக்கே ஒரு கோழிகூட இல்லை; எதற்கு மணி?

மத்தியானம் பெண்கள் தூங்கும்போது அவனைப் பிரித்தேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

"முந்தாநேத்துத் தெச்சதை ஆரோ பிரிச்சு வெச்சிருக்காங்க" என்று வசந்தி என் முகத்தையே பார்த்தாள்.

"எலியா இருக்கும்ட்டீ" என்றாள் செல்வி. நல்ல பெண்.

"எலி நூலை நறுக்குன்னு வெட்டி, துண்டை மடிச்சு வெக்குமாக்கு?"

எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். அது ஏற்கெனவே குடித்திருந்தது.

ஏப்ரல் 4, வியாழன்

மேற்கே மேகம். மழை? இல்லை. ஏமாற்று.

த.ஆ. மறுபடி மேலே ஏறிவிட்டான். வசந்தியே தைத்துவிட்டாள். தரகர் விஷயத்தில் தகராறு. அவரையும் மேலே வைத்திருக்கிறாள், என் பிஸ்கட் சட்டைக்குப் பக்கத்திலேயே. பிரிக்கச் சொன்னேன். ஊசியைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு நெறம் ஒண்ணும் காரியமில்லைங்க. நான் போகக் கூடாது. அதுக்கு வேணும்னே தாமசம் பண்றீங்க. நேரா வேண்டாம்னு சொல்லிருக்கலாமில்ல?"

அது காரணமே அல்ல. தரகர்தான் காரணம். அவளிடம் எப்படி விளக்குவது?

சரசு அடுப்படியிலிருந்தே: "அவ போயிட்டா சோறு உங்கறப்ப ஆரோட சண்டை போடறதுன்னு உங்கப்பனுக்குக் கவலை, கண்ணு."

அதுவும் காரணமல்ல. தரகர் அங்கேயே இருக்கட்டும் என்றுவிட்டேன்.

ஏப்ரல் 6, சனி

செல்வியின் தகப்பனார் வந்து சேர்ந்தார். நல்ல உயரம், குறைந்த பேச்சு. நாலு தடவை மோர் குடித்தார். நாளைக் காலை பஸ். பொள்ளாச்சி, உடுமலை, மூணாறு என்று மாறி மாறிப் போக வேண்டுமாம்.

போர்வையில் ஒரே ஒரு கட்டம் பாக்கி. மேல்வரிசை, நட்டநடு. அங்கே இளநிறம்தான் வேண்டும்.

"ஒரு ஆகாச நீலம் இருந்துதுங்க. மொத நாளே பாத்தேன். எங்க போச்சுன்னே தெரியல" என்று வசந்தி உறையை உதறினாள். விழுந்தது ஒரே துண்டு. கறுப்பில் சிவப்புக் கோடு. செ.க்கு அந்தத் துணியில் இரண்டு கால்சட்டை போலிருக்கிறது.

"அதையே வச்சுத் தைடீ. திருஷ்டி கழிஞ்ச மாதிரி இருக்கும்" என்றாள் செல்வி.

வசந்தி தைக்கவில்லை. "தெச்சா அதையும் பிரிச்சிருவாங்க. வேண்டாம் செல்வி. நீ போயிட்டு வா. நான் போகலை."

போர்வையை மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டு, எனக்கு மத்தியானச் சோறு போட்டாள். ரசம் ஆறியிருக்கிறது என்றேன். சுட வைத்துக் கொண்டு வந்தாள். உப்பில்லை என்றேன். உப்பைக் கொண்டு வந்து வைத்தாள். 'உப்பு போட்டாப் போட்டேங்கறீங்க, போடலைன்னா போடலேங்கறீங்க' என்று வழக்கமாகச் சொல்வாள். இன்று ஒரு வார்த்தை இல்லை.

நான் சொன்னபடியே ஆகிவிட்டது. ஒரு துண்டு குறைகிறது, போகவில்லை. ஜெயித்தது நான். சோறு பாதியில் போதும் என்றாகிவிட்டது.

மாலை நாலு பேரும் கோயிலுக்குப் போனார்கள். வீட்டில் நானும் போர்வையும்.

செ.யா, அ.வா (அண்ணன்)? மேல்வரிசையில், நட்டநடுவில், இந்த இரண்டு பேரில் ஒருவன். ரொம்ப நேரம் யோசித்தேன். செ.க்கு ஒரு மூலை ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு இடம் கொடுக்க முடியாது, அது நியாயமில்லை. அ.வும் நானும் ஒரே தொட்டிலில் கிடந்தவர்கள். அவன் கிடந்து பழசானபிறகு எனக்கு வந்த தொட்டில்தான், இருந்தாலும்.

நோட்டிலிருந்து நீலத்தை எடுத்தேன். ஊசியில் நூல் கோக்கவே கால்மணி நேரம். விரலில் இரண்டு இடத்தில் ரத்தம். நாலு பக்கமும் தைத்து முடித்து, மடித்தது மடித்தபடி வைத்துவிட்டு, வெளியே போய் உட்கார்ந்து பழைய செய்தித்தாளைப் படித்தேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

விடியற்காலையே உள்ளே கூச்சல். வசந்தி போர்வையும் கையுமாக ஓடி வந்தாள்.

"ஆருங்க இதைத் தெச்சது? பல்லி ஓடுன மாதிரி தையல்!"

"எனக்கென்ன தெரியும்? முடிந்துவிட்டதா இல்லையா? முடிந்தால் போ என்றுதானே சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது."

விரலைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தேன். அவள் பையைப் பார்த்தாள்.

வேலந்தாவளத்தில் பஸ் வரும்வரை செல்வி போர்வையைப் போர்த்திக் காட்டினாள், அந்தப் புழுக்கத்தில். தலைகீழாகப் போர்த்தியிருந்தாள். செ. அவள் தோளில், காதுக்குப் பக்கத்தில். ஆகாச நீலம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது; என் பிஸ்கட் சட்டையும்தான்.

"அம்மா, அது கால்மாடு. திருப்பிப் போடு."

"போர்வைக்கு ஏது மாமா கால்மாடு, தலைமாடு? இருட்டுல எந்தப் பக்கம் கைக்குச் சிக்குதோ அதான் தலை. நாளைக்கு மாறிக்கிடும்."

இரண்டு வார உழைப்பு. ஒவ்வொருத்தனையும் எவ்வளவு யோசித்து வைத்தேன்! இதை அவர்கள் முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

பஸ் நகரும்போது வசந்தி ஜன்னலில் தலையை நீட்டினாள். "அப்பா, ரசத்துல உப்பு செரியாத்தான் இருக்கு, அம்மாவத் திட்டாதீங்க!" பஸ்ஸில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். த.ஆ.வும் இருந்தான், முன் ஸீட்டில்.

ஏப்ரல் 8, திங்கள்

வெயில். வேறொன்றும் இல்லை. கோழி ஒயர் கூடையில் ஏழு குஞ்சு பொரித்திருக்கிறது.

ஏப்ரல் 9, செவ்வாய்

வேலிப் பக்கம் நின்றிருந்தேன். அந்தப் பக்கம் அ. செருமினான். பிறகு பேசினான். ஒன்பது வருஷம் கழித்து.

"ஏன்டா, என்ற சட்டைத்துணி உன்ற புள்ள போர்வையில இருக்குதாமா? உங்கண்ணி சொன்னா."

சரசு நேற்றுக் கோயிலில் உளறியிருக்கிறாள்.

"இருக்குதுங்க" என்றேன். வாயில் தானாக 'ங்க' வந்துவிட்டது.

"எந்தப் பக்கம்?"

"தலைமாட்டுல. நட்டநடுவுல."

தைக்கும்போது அப்படித்தான் இருந்தது. பொய்யில்லை. போர்வைக்கு ஏது தலைமாடு என்று அவன் கேட்கவில்லை. அந்த அளவுக்கு அவனுக்குப் படிப்பில்லை.

வேலியில் இல்லாத கொடியைப் பிய்த்துப் போட்டான். "நாளைக்குப் பகல்ல மோட்டாரு நீயே போட்டுக்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

சரசுவிடம் சொன்னேன். இரண்டாவது டம்ளர் காப்பி கொடுத்தாள், கேட்காமலே.

ஏப்ரல் 10, புதன்

காலை எட்டு மணிக்கு மோட்டார் போட்டேன். இத்தனை வருஷமும் டார்ச் விளக்கில் தண்ணீர் பாய்ச்சியவன். பகலில் தண்ணீர் வாய்க்காலில் ஓடுவதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வரப்போடு கூடவே நடந்தேன்.

பாதி தூரத்தில் நின்றேன். தண்ணீர் ஓடும்போதுதான் தெரிகிறது. இரண்டு தோட்டத்துக்கும் நடுவிலுள்ள வாய்க்கால் என் பக்கம் ஒரு சாண் நகர்ந்து வந்திருக்கிறது.

போர்வை திரும்பி வரட்டும்.