கசந்தால் சொல்லு, லூர்து

1971 ஜூலை 5, திங்கள்

காலையிலிருந்து காற்று. கடைப் பலகையைப் பெயர்த்துவிடும் போல. ரிப்பேருக்கு வந்த ரேடியோ மூன்று அப்படியே கிடக்கின்றன.

லூர்து வீடு வந்து ஆறு நாள். காசநோய் ஆஸ்பத்திரியில் எட்டு மாதம் படுத்திருந்தவள். எடை முப்பத்தெட்டு கிலோ. டாக்டர் சொன்னது: நோய் அடங்கிவிட்டது, உடம்பில்தான் ஒன்றும் இல்லை. அடுப்புப் புகை ஆகாது. தினம் முக்கால் லிட்டர் பால். ஆகஸ்ட் 2 அன்று எடை பார்ப்பாராம். ஏறவில்லையென்றால் மறுபடி அட்மிஷன். அதைக் கேட்டதும் டாக்டர் எதிரிலேயே என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

வெறும் பால் குடித்தால் வாந்தி. காபி என்றால் இறங்கும். அவள் அண்ணன் அந்தோணி, கப்பலில் சமையல்காரர், போன வருடம் இத்தாலியிலிருந்து கொண்டுவந்த காபிப் பாத்திரம் பரணில், பிரிக்காமலே. அலுமினியம். அடிப் பாகத்தில் தண்ணீர், நடுவில் சல்லடையோடு தூள். அடுப்பில் வைத்தால் டிகாஷன் கொதித்து மேல் பாகத்துக்கு ஏறிவிடும். நல்ல கெட்டி. தம்ளருக்கு அரை விரற்கடை போதும், மீதி முழுக்கப் பால். அதுதான் என் திட்டம்.

முதல் முயற்சி. கன்னங்கரேல். லூ. குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குதுங்க" என்றாள். முகம் அப்படிச் சொல்லவில்லை.

ஜூலை 7, புதன்

தூளைப் பாதியாகக் குறைத்தேன். கசப்பு குறையும் என்று பார்த்தால், தண்ணியாகவும் இருக்கிறது, கசப்பும் கூடிவிட்டது. நாக்கின் ஓரம் சுருண்டுகொள்கிறது. சல்லடை நிறைய, அழுத்தாமல் போடுவதுதான் சரி என்று படுகிறது. (ஸ்டவ் திரி வாங்க. ரசத்துக்குத் தக்காளி.)

லூ.: "இன்னிக்கும் நல்லா இருக்குதுங்க."

ஜூலை 8, வியாழன்

மத்தியானம் ஸ்க்ரூ டிரைவர் எடுக்க வீட்டுக்கு வந்தேன். பின்பக்கம், முருங்கை மரத்தடியில் குனிந்து நின்றிருந்தாள். தம்ளரைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். காலையில் போட்ட காபி, பாலோடு. அவளும் பார்த்துவிட்டாள்.

"தினமுமா?"

காலித் தம்ளரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"கசந்தா சொல்ல வேண்டியதுதானே, லூர்து?"

"எப்புடிங்க சொல்றது? விடியறதுக்கு முன்னாலயே எந்திரிச்சி அந்த அடுப்புக்கு முன்னால குந்திக்கிறீங்க. எட்டு மாசம் ஆஸ்பத்திரிக்கும் வூட்டுக்கும் அலைஞ்ச மனுசன். இதுல நொட்டை வேற சொல்லணுமா நானு?"

"ரேடியோ கரகரங்குதுன்னு யாராச்சும் சொன்னாத்தானே நான் பிரிச்சுப் பாக்க முடியும்?"

சிரித்தாள். சிரித்து இருமி, இருமி மறுபடி சிரித்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது. ஸ்க்ரூ டிரைவரை மறந்துவிட்டுக் கடைக்குப் போய், மறுபடி திரும்பி வந்தேன்.

ஜூலை 11, ஞாயிறு

பூசை முடிந்ததும் நேராகக் காபித்தூள் கடை. லூ. வரவில்லை, கோயில் வரை நடக்க முடியாது இன்னும். பாத்திரத்தைப் பையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். கடைக்காரர் மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்.

"இதுக்குப் போயி மாவாட்டம் அரைச்ச தூளா போடறீங்க? அடைச்சிக்காதா? அதுலயும் சிக்கரி வேற. பிசினாட்டம் புடிச்சிக்கும்."

சிக்கரி இல்லாமல், சன்ன ரவை போல அரைத்துக் கொடுத்தார். பாதி வழியிலேயே பொட்டலத்தைத் திறந்து முகர்ந்தேன்.

வீட்டில் போட்டதும் லூ. ஒரு வாய் குடித்தாள். "பரவால்லீங்க. ஆனா கடைசீல தீஞ்ச வாசனை." முதல் தடவையாக நொட்டை சொல்கிறாள்! இன்று முழு நாளும் சந்தோஷம். தம்ளரில் பாதிதான் காலி.

ஜூலை 14, புதன்

சமையலறை வாசலுக்கு வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். உள்ளே வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். "வரல. காது மட்டும்தான் வேலை செய்யுது" என்றாள்.

பாத்திரத்தை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தே அதட்டல்.

"எறக்குங்க!"

"இன்னும் முழுசா ஏறலையே."

"எறக்குங்கன்றேன்! இன்னங் கொஞ்ச நேரத்துல பொருபொருன்னு சத்தம் வரும். தினம் படுத்துக்கினே கேக்கறேன். அந்தச் சத்தம் வந்த பொறவுதான் தீயற நாத்தம் வருது."

இறக்கினேன். டிகாஷன் தேன் நிறம். ரேடியோ மெக்கானிக் நான். சத்தத்தைக் கவனித்தது அவள்.

முழுத் தம்ளரும் குடித்தாள். அடியில் நின்ற நுரையை விரலால் வழித்தாள். நான் பார்ப்பதைக் கண்டு, "என்னாங்க?" என்றாள்.

ஜூலை 19, திங்கள்

இப்போதைய முறை:
தண்ணீர் முதலிலேயே சூடு.
தூள் சல்லடை நிறைய. அழுத்தக் கூடாது.
திரி சிறிதாக.
லூ. சொன்னதும் இறக்கு. வாதாடாதே.

காலை இரண்டு தம்ளர், மாலை இரண்டு. பால்காரம்மாவிடம் இன்னும் கால் லிட்டர் கூட ஊற்றச் சொன்னாள், என்னைக் கேட்காமல். என் ரசத்தைப் பற்றியும் இன்று அபிப்பிராயம் சொன்னாள். எழுதும்படி இல்லை.

ஆகஸ்ட் 1, ஞாயிறு

நாளை தருமபுரி ஆஸ்பத்திரி. லூ. கல்யாணச் சேலையை எடுத்து வைத்திருக்கிறாள். "எதுக்கு?" என்றேன். "அதுதாங்க இருக்கறதுலயே கனம்."

ஆகஸ்ட் 2, திங்கள்

வெயில், நல்ல காற்று. ஆஸ்பத்திரியில் நீண்ட வரிசை. நர்ஸம்மா ஆஸ்பத்திரி உடுப்புக்கு மாறச் சொல்லிவிட்டார். பட்டுச் சேலை என் மடியில். கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்தேன். பாதிக்கு மேல் வார்த்தை மறந்துவிட்டது.

நாற்பதரை. டாக்டர் இரண்டு தரம் நிறுத்துப் பார்த்தார். "வூட்டுக்குப் போங்கம்மா. இனிமே மாசம் ஒருக்கா வந்தா போதும்."

திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் சீட். தருமபுரி எல்லை தாண்டும் முன்பே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு சீராக இருந்தது. இவள் இருமாமல் தூங்கி நான் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

காரிமங்கலம் வந்தது. விசில். "நம்ம ஊரு வந்திருச்சிங்களே, எறங்கலீங்களா?" என்றார் கண்டக்டர்.

கிருஷ்ணகிரி வரைக்கும் இன்னும் இரண்டு டிக்கெட் கேட்டேன்.