டேவிட் வைத்த வெள்ளைப் புள்ளி

ஞாயிறு, படுக்கப் போகும் முன்.

பத்து வருஷமாக எங்கள் சர்ச்சில் நான்தான் கிட்டார் வாசித்தேன். பாஸ்டருக்கு என்ன அவசரமோ, போன மாதம் அந்த இடத்தை அரக்கோணத்து டேவிட்டுக்குக் கொடுத்துவிட்டார். அவன் கிட்டாரின் ஒலிபெருக்கியான ஆம்ப்பில் டிலே வைத்து வாசிப்பவன். தட்டிய சுரம் சற்றுக் கழித்து, தாளத்தில் சரியாக மறுபடி ஒலிக்கும். அந்த இடைவெளியின் அளவு மாறாமலிருக்க, ஆம்ப்பின் டிலே குமிழின் முள்ளுக்கு நேராக மனைவியின் நகப்பூச்சால் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்திருந்தான்.

இன்று ஆராதனைக்கு முன் அளவை மாற்றினேன். பிறகு குமிழைப் பிடுங்கி, முள் அதே புள்ளியைப் பார்க்கும்படி செருகிவிட்டேன்.

முதல் பாட்டிலேயே சுரங்கள் தாளம் தப்பி ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. சபை பாடுவதை நிறுத்தியது. டேவிட் குனிந்து புள்ளியைப் பார்த்தான். முள் சரியாக இருந்தது. பிறகு தன் வலது கையைப் பார்த்தான். பைக்கிலிருந்து விழுந்து, பிளேட் வைத்த கை அது.

"கை ஒத்துழைக்கலண்ணா. நீங்களே வாசிங்க" என்றான்.

டிலேயை அணைத்துவிட்டு வாசித்தேன். எல்லோரும் பாடினார்கள்.

ஆராதனை முடிந்து ஊர் திரும்பிய டேவிட்டோடும் அவன் மனைவியோடும் திருத்தணி ஸ்டேஷன் வரை போனேன். "நேத்துகூட நல்லா வாசிச்சிகினு இருந்தாருங்கண்ணா" என்று அவன் மனைவி அழுதாள்.

"எலும்பு விஷயம்மா. அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

சாயங்காலம் டேவிட் போன் செய்தான். கிட்டாரை விற்கப்போகிறானாம். ஆம்ப்பை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னான்.

"அந்தப் புள்ளிய மட்டும் அழிச்சிடாதீங்கண்ணா. அதான் கரெக்டான அளவு."

"ஆங், அழிக்க மாட்டேன்" என்றேன்.