கொயருக்கு வைத்த இலக்கு

அன்புள்ள அக்கா,

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் கொயர் பாட்டுப் பயிற்சியில், நீ வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று, ஆலயச் சுவரில் ஸ்லைடு போட்டுக் காட்டினேன். தலைப்பு: ‘இந்தக் காலாண்டின் இலக்குகள்’. கிரேஸ் ஆன்ட்டி ஜெபம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து முக்காடு போட்டுக்கொண்டார்.

என்ன செய்வது, வைட்ஃபீல்ட் ஐ.டி. கம்பெனிப் பழக்கம். ஆபீசில் என் வேலை மாற்றங்களை நிர்வகிப்பது. அதாவது, யாருடைய நாற்காலி போகப்போகிறதோ அவரைக் கூப்பிட்டு, நின்றுகொண்டிருப்பது முதுகுக்கு நல்லது என்று நம்பவைப்பது. வெளியே அனுப்ப முடியாத ஆளாக இருந்தால் பதவி உயர்வு. எங்கள் மூர்த்தி தொட்ட வேலையெல்லாம் கெட்டது. ஆலோசகர் ஆக்கி, தனி அறை கொடுத்து, எதையும் தொடவிடாமல் வைத்திருக்கிறோம். மனிதர் எல்லோருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார்.

நீ போன பிறகு லிங்கராஜபுரம் கொயர் என்னை ஒருமனதாகத் தலைவராக்கியது. ஒருவர்கூட எதிர்க்கவில்லை. என் நிர்வாகத் திறமைக்கு ஆலயத்திலாவது மரியாதை கிடைத்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

மரியாதை வந்தால் சீர்திருத்தம் வராமல் இருக்குமா? போன கிறிஸ்மஸ் ஆராதனையின் ரெகார்டிங்கைப் போட்டுக் கேட்டேன். ஆண்கள் வரிசையில் ஒரு குரல் மட்டும் சுருதியை விட்டு இறங்கி, தனியாக ஆட்டோ பிடித்து வேறு ஏரியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஜீவனஹள்ளி செல்வராஜ் அண்ணன்தான் என்று முடிவுகட்டினேன். தங்கவயல் சுரங்கத்தில் தூசி தின்ற நெஞ்சு. வேறு யாராக இருக்க முடியும்?

பயிற்சி முடிந்து டீ குடிக்கும்போது பேச்சை ஆரம்பித்தேன்.

“அண்ணா, உங்களுக்கு ஒரு புதுப் பொறுப்பு. மைக் செட்டு முழுக்க இனிமே உங்க கையில.”

“அப்ப பாட்டு?”

“மைக்கைப் பாத்துக்கிறவரு எப்படிண்ணா பாடறது?”

“தூக்குறேன்னு நேராவே சொல்லேம்பா. மைன்ஸ மூடறப்பவும் இப்படித்தான் கூப்ட்டு டீ குடுத்தாங்க.” கிளாஸைக் கீழே வைத்தார். “சரி. இந்தக் கிறிஸ்மஸ் ஒண்ணு மட்டும் நிக்கட்டுமா? பேத்தி மொத தடவையா நான் பாடறதைப் பாக்க வர்றா.”

“யோசிக்கிறேண்ணா” என்றேன். ஆபீசில் அதற்கு ‘இல்லை’ என்று பொருள். அவருக்கும் அது தெரிந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவர் முன்னாலேயே வந்து மைக் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். பாட்டை ஆரம்பிக்க நான் கையைத் தூக்கினேன். கொயரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் கிரேஸ் ஆன்ட்டிதான் பேசினார்.

“தம்பி, அந்த ரெகார்டிங்ல சுருதி போறது அவரு இல்ல.”

“பின்ன யாரு?”

“ஸ்வல்ப நெனச்சிப் பாருங்க. போன வருஷம் அவர் பக்கத்துல நின்னது யாரு?”

நான்தான்.

பெண்கள் வரிசையில் சிலர் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். செல்வராஜ் அண்ணனிடம் போனேன். “உங்களுக்குத் தெரியுமாண்ணா?”

“காதுக்குள்ளயே கத்தினியே, தெரியாம இருக்குமா?”

“ஏன் சொல்லல?”

“அக்கா போன துக்கத்துல இருக்கே. இதையும் எதுக்குச் சேக்கணும்னுதான்.” ஒயரைச் சுற்றுவதை அவர் நிறுத்தவில்லை.

அக்கா, உன் காதிலும் அது விழுந்திருக்குமே. வீட்டில் தோசைக்கு உப்பு கூடினால்கூடச் சொல்கிறவள், இதை மட்டும் ஏன் சொல்லவில்லை?

இப்போதைய நிலவரம்: செல்வராஜ் அண்ணன் பழைய இடத்துக்கே வந்துவிட்டார். மைக்கை நான் பார்த்துக்கொள்கிறேன், அதுவும் கீச்சிடுகிறது. ஸ்லைடுகள் ஆபீசுக்கே திரும்பிப் போய்விட்டன. கிறிஸ்மஸ் காலையில் அவர் பேத்திக்கு முதல் பெஞ்சில் இடம் பிடித்து வைப்பேன். அவர் பாடுவார், நான் கையை மட்டும் ஆட்டுவேன். வாயைத் திறக்க மாட்டேன் என்று உனக்குச் சத்தியம் செய்து தருகிறேன்.

சத்தியமெல்லாம் தேவையில்லை என்கிறார் கிரேஸ் ஆன்ட்டி. ஆஸ்பத்திரியில் நீயே அவரிடம் சொல்லிவிட்டுப் போனாயாமே: “எனக்கப்புறம் அவனை லீடராக்கிடுங்க. லீடர் பாடத் தேவையில்ல.”

இப்படிக்கு,
பதவி உயர்வு பெற்ற உன் தம்பி