யாரும் தொடாத பொத்தான்

பெரியவளின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் மூட்டுவலி தேவலையா? நான் சொல்லச் சொல்ல விடுதியில் பக்கத்துக் கட்டில்காரர் எழுதுகிறார்.

முந்தாநாள் வேலையில் ஒரு வேடிக்கை. தகடு அழுத்தும் என் மெஷினில் ஒரு சிப் கெட்டுப்போக, எலக்ட்ரீஷியன் வேறு ஒன்றை மாட்டினான். கரண்ட் வந்ததும் ஓடுவதற்கான பச்சை விளக்கும் நிற்பதற்கான சிவப்பு விளக்கும் சேர்ந்தே எரிந்தன. தகடு வைக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். யாரும் பொத்தானைத் தொடவில்லை. அச்சு தானாக இறங்கியது.

அவன் முகம் வெளுத்துவிட்டது. "என் தப்புதான் பெரியவரே. பழசு நார் கேட்ங்கற சிப், நான் போட்டது நாண்ட் கேட்ங்கற சிப். பார்க்க ரெண்டும் ஒண்ணு. பழசு, யாரும் தொடலைன்னா கடைசியா சொன்னதை ஞாபகம் வச்சிருக்கும். இதுக்குத் தொடாம இருந்தாலே ஓட்டு, நிறுத்துன்னு ரெண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கின மாதிரி." உடனே சரியானதை மாட்டினான்.

மேஸ்திரி சிரித்தார். "கைதான் முழுசா இருக்கே, இன்னும் என்ன பயம்?"

"இருக்கறதாலதான் பயம்" என்றேன்.

நேற்று மெஷின் ஒழுங்காகவே ஓடியது. ஆனால் எனக்குத்தான் எதுவும் மறப்பதில்லையே. அச்சு விழுந்த சத்தம் காதிலேயே நிற்கிறது. ஒவ்வொரு தகட்டுக்கும் விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் கை போகிறது. வேகம் போதவில்லை என்கிறார் மேஸ்திரி. இன்றும் இப்படியென்றால் வேறு ஆளைப் போடுவாராம்.

பெரியவளிடம் சொல்லாதே, அழுவாள். என் பழைய போர்வையை அனுப்பு. அடுத்த முறை போனில் பேசி முடித்ததும் உடனே வைத்துவிடாதே. நீ பாத்திரம் கழுவுகிற சத்தமாவது கேட்கட்டும்.

வேலைக்குப் போகிற வண்டி வந்துவிட்டது. போய் மெஷின் முன்னால் உட்கார்கிறேன். கை நீளுமா என்று அங்கேதான் தெரியும்.