அடுப்பு அவள் பக்கம்

பிப்ரவரி 5, வியாழன்

இன்றைக்கு டிவி சமையல் நிகழ்ச்சியில் மலையடிவாரத்து வீடு. வாசலில் ஒரு கொய்யா மரம். அம்மாவும் மகளும் பூசணிக்காய் சமைத்தார்கள். மகள் நறுக்கினாள், அம்மா அடுப்பை ஊதினாள். கண்ணாடிக்காரி ஓரமாக ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். நிகழ்ச்சியை நடத்துகிறவளுக்கு நான் வைத்த பெயர் அது. முகத்தில் பாதி மூக்குக்கண்ணாடிதான். அவளிடம் எனக்குப் பிடித்ததே வாயை மூடிக்கொண்டு பார்ப்பதுதான்.

என் வீட்டுக்காரர் கேட்டார்: "பூசணிக்காய் வேகறதப் பார்க்க இவ்வளவு ஆசையா? நம்ம வீட்டுல வெந்தா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டியே."

காலையில் சமைக்கிறேன், பகலெல்லாம் மாட்டு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறேன், வந்து மறுபடி சமைக்கிறேன். அப்புறம் எவளோ ஒருத்தி எங்கோ சமைப்பதை வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறேன். கற்றுக்கொள்ளவா? சத்தியமாக இல்லை. அதில் பார்த்த ஒன்றையும் இதுவரை நான் செய்ததில்லை.

விளம்பரம் வந்ததும் சத்தத்தைக் குறைத்தேன். குறையவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமும் அதே விளம்பரம். என் ஓரகத்தி சின்னவளும் பார்க்கிறாள்!

பிப்ரவரி 6, வெள்ளி

ஆஸ்பத்திரியில் ஒரு சினைப் பசு என் மேஜையில் தலையை வைத்துக்கொண்டு எடுக்கவே மாட்டேன் என்றது. அதன் மூச்சில் பாதி சீட்டுகள் ஈரம்.

பிப்ரவரி 12, வியாழன்

வேண்டுமென்றே சத்தத்தை முழுவதும் நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தேன். சத்தம் சுவர் வழியாக வந்தது. கரண்டி பாத்திரத்தில் இடிப்பதுகூட அச்சாகப் பொருந்தியது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஒரே வீடுதான் இது. அண்ணன் தம்பி இருவரும் நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். கொல்லையில் மண் பூசிய பெரிய விறகு அடுப்பு தம்பி பக்கம் போயிற்று. அதற்காக வருத்தமில்லை, என்னிடம் கேஸ் இருக்கிறது. வருத்தம் வேறு. தம்பி மனைவி — என் ஓரகத்தி, சின்னவள் — தெருக்கோடித் தையல்காரியிடம், "அக்கா வேலைக்குப் போறேன்னு எல்லாத்தையும் என் தலையில கட்டிட்டாங்க" என்று சொன்னாளாம். அது என் காதுக்கு வந்த நாளிலிருந்து நான் பேசவில்லை. நான் பேசாததால் அவளும் பேசவில்லை. நாலு வருஷம் ஓடிவிட்டது. இந்த அண்ணன் தம்பி இருக்கிறார்களே, அவர்கள் பாட்டுக்குத் தினமும் டீக்கடையில் தோளில் கைபோட்டுக்கொண்டு சிரிக்கிறார்கள். பிரித்தது அவர்கள், சண்டை மட்டும் எங்களுக்கு.

இன்றைக்கு நிகழ்ச்சியில் நாத்தனார்கள் இரண்டு பேர். ஒருத்தி கேட்காமலே மற்றவள் உப்பை எடுத்து நீட்டினாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் இதில் சமையலைப் பார்ப்பதே இல்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 17, செவ்வாய்

என்ன காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறேன்!

பதினோரு மணிவாக்கில் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியவள் கண்ணாடிக்காரி. நேரிலும் அதே கண்ணாடி. வேனுக்கு அடியில் படுத்திருந்த நாய்க்குட்டி ஒன்று காலில் அடிபட்டுக் கிடந்ததாம், துண்டில் சுற்றித் தூக்கி வந்திருந்தார்கள். டாக்டரம்மா கட்டுப் போட்டார். நான் சீட்டில் 'நாய்' என்று எழுதுவதற்குப் பதில் 'பூசணி' என்று எழுதிவிட்டு அடித்தேன்.

பேச்சுவாக்கில் அவளே சொன்னாள், பக்கத்து ஊரில் படம் எடுப்பதாக இருந்த வீட்டுக்காரர்கள் கடைசி நேரத்தில் முடியாது என்றுவிட்டார்களாம். சட்டென்று என்னைப் பார்த்தாள். "உங்க வீட்டுல வெளியில வெறகு அடுப்பு ஏதாவது இருக்காக்கா?"

"இருக்கு" என்றேன்.

"வீட்டுல யார் யார் இருக்கீங்க?"

"நான், எங்க வீட்டுக்காரர், கொழுந்தன், என் ஓரகத்தி."

ஒவ்வொன்றும் உண்மைதான். சேர்த்துச் சொன்னதுதான் பொய்.

அடுத்த செவ்வாய் வருகிறார்களாம். கொல்லையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். எந்தக் கொல்லையை? இப்ப நான் என்ன பண்றது? அந்த வாய் எதுக்கு அப்படி முந்திக்கிட்டுத் திறந்துச்சு?

பிப்ரவரி 18, புதன்

அவரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "நீங்க தம்பிகிட்டச் சொல்லி அவகிட்டக் கேக்கச் சொல்லுங்க" என்றேன். "அடுப்பு அவளோடது. வாய் உன்னோடது. நடுவுல எங்களுக்கு என்ன வேலை?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

பிப்ரவரி 19, வியாழன்

போனேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் போக, தெருவுக்கு இறங்கி அடுத்த வாசலில் ஏற வேண்டும். என் வீட்டுச் செருப்பை அவள் வீட்டு வாசலில் விட்டபோது யாரோ வேற்றாள் வீட்டுக்கு வந்தது போல இருந்தது. அவள் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த துணியை மடித்ததையே மறுபடி மடித்தாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு இது எனக்குத் தெரியவில்லை.

முகவுரை எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு நேராக விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தக் கண்ணாடி போட்டவளா?" என்றாள். கண் விரிந்தது. உடனே சுருக்கிக்கொண்டாள். "அவங்க என் அடுப்பக் கேட்டாங்களா, என்னையக் கேட்டாங்களா?"

"ரெண்டையும்தான்."

"நெஜமா?"

"ஓரகத்தி இருக்கான்னு சொன்னதும்தான் சரின்னாங்க." இதுவும் ஏறக்குறைய உண்மைதான்.

துணியைக் கீழே வைத்தாள். "அந்த அடுப்பு ஒரு பக்கம் இடிஞ்சு கெடக்கு. பூசணும். தனியா என்னால முடியாது" என்றாள். வந்து உட்காருங்கள் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

இன்றைக்கு இரண்டு பக்கமும் நிகழ்ச்சியைப் பார்த்தோம். பூமாலையை விரலில் சுற்றுகிற மாதிரி கீரையைச் சுற்றி நறுக்கினாள் ஒருத்தி. அங்கிருந்து "அடேயப்பா" என்று கேட்டது. எனக்கும் வாய் வரைக்கும் அதே சொல்தான் வந்திருந்தது.

பிப்ரவரி 22, ஞாயிறு

காலை முழுவதும் களிமண் பிசைந்தோம். பேச்சு எல்லாம் "தண்ணி", "இன்னும் கொஞ்சம்", "அங்க இல்ல, இங்க" — அவ்வளவுதான். முழங்கை வரை மண். நடுவில் அவள் மூக்கு அரித்தது போல. இரண்டு கையும் மண்ணாக இருந்ததால் தோளில் தேய்த்துப் பார்த்தாள், எட்டவில்லை. நான் என் புறங்கையால் சொறிந்துவிட்டேன். இரண்டு பேருமே எதுவும் நடக்காதது போல வேலையைத் தொடர்ந்தோம்.

பிப்ரவரி 24, செவ்வாய்

உடம்பெல்லாம் புகை நாற்றம். குளித்தும் போகவில்லை. ஆனால் எழுதாமல் படுக்க முடியாது.

விடிந்ததுமே வந்துவிட்டார்கள். முதல் வேலையாக நீலப் பிளாஸ்டிக் டிரம்மைக் கண்ணில் படாத இடத்துக்கு உருட்டச் சொன்னார்கள். அப்புறம் வாளி, கொடிக்கயிறு, கேஸ் சிலிண்டர், கொழுந்தனின் மோட்டார் சைக்கிள். "இதெல்லாம் எடுத்துட்டா எங்க வீடுன்னு எங்களுக்கே தெரியாதேம்மா" என்றார் கொழுந்தன். இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார் பாவம். கேமரா அவர் பக்கமே திரும்பவில்லை.

மீனும் கீரையும் செய்வதாக ஏற்பாடு. வெங்காயத்தைப் போட்டேன். "அக்கா, இன்னொரு தடவ போடுங்க, வெளிச்சம் சரியில்ல" என்றார் கேமராக்காரர். போட்டேன். "இன்னும் ஒரே ஒரு தடவ." சின்னவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்: "இப்படியே போட்டுக்கிட்டு இருந்தா குழம்புல வெங்காயம் இருக்காது தம்பி, வெங்காயத்துலதான் குழம்பு இருக்கும்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அவள் இப்படிப் பேசுவாள் என்பதே மறந்து போயிருந்தது.

பிறகு கண்ணாடிக்காரி பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். எங்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "தெனமும் இப்படி ரெண்டு பேரும் சேர்ந்துதான் சமைப்பீங்களா?"

கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். சின்னவள் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னாள்: "பின்ன? அக்கா இல்லாம எனக்கு ஒரு வேல ஓடாது."

எனக்குப் புரையேறிவிட்டது. கண்ணில் தண்ணீர். "புகை" என்றேன். கேமராக்காரர் சந்தோஷமாக என் முகத்துக்குப் பக்கத்தில் வந்தார்.

அதற்கு அப்புறம் எனக்குக் கேமரா நினைப்பே போய்விட்டது. மீன் உடையாமல் திருப்ப அகலக் கரண்டி வேண்டும் என்று நினைத்துக் கையை நீட்டினேன், பார்க்காமலே. கையில் கரண்டி வந்து உட்கார்ந்தது. அவள் விறகை உள்ளே தள்ளும்போதெல்லாம் நான் தானாக ஓரடி விலகினேன். நாலு வருஷமாகியும் கைக்கு மறக்கவில்லை.

படம் எடுக்க வந்தவர்கள் அவசரமாக நாலு வாய் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். டிரம் திரும்பி வந்தது, வாளி திரும்பி வந்தது. பானை நிறைய மீன். அண்ணனும் தம்பியும் பேசாமல் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

பாத்திரம் தேய்க்கும்போது சின்னவள் தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அந்தம்மாகிட்டப் பொய் சொன்னேன்னு நெனக்காதீங்க. கொஞ்சம் கூட்டிச் சொன்னேன், அவ்ளோதான்."

கேட்டுவிட்டேன். "எல்லாத்தையும் உன் தலையில கட்டினேன்னு தையல்காரிகிட்டச் சொன்னியாமே?"

"சொன்னேன்தான்." கரி ஒட்டிய சட்டியைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். "நீங்க வேலைக்குப் போனதும் பகல் பூரா இந்த வீட்டுல நான் ஒருத்தி. வேல கஷ்டம்னு சொன்னா சிரிக்க மாட்டாங்க. பேச ஆளில்லன்னு சொன்னா சிரிப்பாங்க. அதான் வேலைன்னு சொன்னேன்."

அவள் தேய்த்துக் கொடுத்ததை எல்லாம் கழுவிக் கவிழ்த்தேன்.

பிப்ரவரி 25, புதன்

சீட்டு எழுதும்போது டாக்டரம்மா, "என்ன, தனியா சிரிச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்றார். தெரியாது என்றேன்.

மார்ச் 12, வியாழன்

வந்துவிட்டது. சின்னவள் வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தோம். நாள் முழுவதும் எடுத்ததைக் கைக்குட்டை அளவு சுருக்கிவிட்டார்கள். வெங்காய ஜோக் இல்லை. கொழுந்தனின் முழங்கை மட்டும் ஒரு இடத்தில் வந்தது. அதற்கு அவர் கைதட்டிக்கொண்டார். எனக்குப் புரையேறியது வந்தது. மெல்லிய குழல் இசையும் சேர்த்திருந்தார்கள், பார்த்தால் நான் பாசத்தில் அழுவது போல!

டிவியில் எங்கள் கொல்லை எவ்வளவு அழகு. அந்தப் புகையில் வெயில் இறங்குவதை எல்லாம் நான் கவனித்ததே இல்லை. அந்த வீட்டுக்காரிகளைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருந்தது.

மகள் வெளியூரிலிருந்து போன் செய்தாள். "அம்மா, நீயும் சித்தியும் சூப்பரா நடிச்சீங்க."

"சித்திகிட்டயே சொல்லு" என்று போனை அவளிடம் கொடுத்தேன். அவ்வளவுதான், போன் என் கைக்குத் திரும்பி வரவே இல்லை.

மார்ச் 14, சனி

கன்றுக்குட்டி கொண்டுவந்தவர், கோழிக்கு ஊசி போட வந்தவள், எல்லோரும் அதே பேச்சு. "இந்தக் காலத்துல ஓரகத்திங்க இவ்ளோ ஒத்துமையா!" எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சின்னவளும் நானும் இப்போது பேசுகிறோம், உண்மைதான். ஆனால் கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்குகிற மாதிரி பார்த்துப் பார்த்துப் பேசுகிறோம். "சாப்டீங்களாக்கா?" "சாப்டேன்மா, நீ?" டிவி இன்னும் ஓடிக்கொண்டிருப்பது போல.

ஏப்ரல் 5, ஞாயிறு

இன்றைக்குச் சண்டை.

அவளுடைய கோழிகள் வேலி இடுக்கில் நுழைந்து என் கீரைப் பாத்தியைக் கிளறி நாசம் பண்ணிவிட்டன. முளைத்து ஒரு விரல்கூட வளரவில்லை. நான் கத்தினேன். "வேலிய ஒழுங்காக் கட்டாம கோழியத் திட்டுவாங்களா?" என்று அவள் கத்தினாள். "கோழிய அடைச்சு வளக்கத் தெரியாதவங்க ஏன் வளக்கணும்?" "விதைய மேலாப்புல தூவிட்டு வந்தா கோழி என்ன, காக்காகூடத்தான் கொத்தும்!" ஒன்றுக்கு ஒன்று குறையாமல் போயிற்று. அண்ணனும் தம்பியும் சத்தமில்லாமல் டீக்கடைக்கு நழுவிவிட்டார்கள். தையல்காரி தெருவில் நின்று, "அய்யோ, டிவியில பார்த்தோமே, ரெண்டு பேரும்…" என்று ஆரம்பித்தாள். "உன் வேலயப் பாரு!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். அப்புறம் பார்த்தால் பசிக்கிறது, அப்படி ஒரு பசி. அடுப்பைப் பற்ற வைக்கப் போனேன்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல்:

"சோறு ஆறுது. வந்து தொலைங்க!"

போய்ச் சாப்பிட்டேன். உப்பு தூக்கல். சொல்லிவிட்டேன்.