அப்பா பெயரில் வந்த மெயில்

திண்டிவனம்
16.2.2025

அன்புள்ள கோபிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் தங்கச்சி புனிதாவும் சுகமாக இருக்கிறோம். அப்பா சுகம் என்று எழுதக் கை வரவில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று மயிலம் முருகனை நினைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். போனில் பேசுகிற காலத்தில் அம்மா ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் இதை என்னால் கோவையாகச் சொல்ல முடியாது, பாதியில் அழுதுவிடுவேன், நீ என்னைச் சமாதானம் செய்வதிலேயே பேச்சு முடிந்துவிடும். மெயிலில் எழுதலாம் என்றால் மெயில் என்ற வார்த்தையைக் கேட்டாலே இந்த வீட்டில் இப்போது யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. வேலை இடத்தில் பிரித்திருந்தால் மூடி வைத்துவிட்டு ரூமுக்குப் போய் நிதானமாகப் படி.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ என்னிடம் பேசிக்கொண்டிருந்தபோது அப்பா போனைப் பிடுங்கி, நீ எங்கடா இருக்கிற என்று கேட்டார், நினைவிருக்கிறதா. நீ, கடையில முட்டை வாங்கிக்கினு இருக்கேம்பா, ஏம்பா என்று சிரித்தாய். அவர் போனை என் கையில் வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டார். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த அசதி என்று உன்னிடம் சொன்னேன், நானும் அப்படித்தான் நம்பினேன். அது அசதி இல்லை கோபி. உன் சிரிப்பைக் கேட்கிற வரைக்கும் நீ அங்கே போலீஸ் காவலில் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு, அதை யாரிடமும் சொல்லாமல் தினமும் டூட்டிக்குப் போய்வந்திருக்கிறார்.

அதற்கு முந்தின வாரம் அவருக்கு ஒரு மெயில் வந்திருக்கிறது. அவர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை என்று உனக்குத் தெரியும், எழுதுவதற்கு என்ன, அனுப்பியவர் பெயர் இருக்கிற இடத்தில் ஜெகதீசன் என்று இருந்தது. உன் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டதிலிருந்து போலந்தில் எல்லாரும் உன்னை அந்தப் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். அதில் அவருக்கு இருந்த பெருமை உனக்கு முழுசாகத் தெரியாது. விழுப்புரம் வண்டியில் தெரிந்தவர் யார் ஏறினாலும், எம் புள்ள மட்டுமா போயிருக்கான், எம் பேரே அங்க வேலை பாத்துக்கினு இருக்குது என்று சொல்லிக்கொண்டேதான் டிக்கெட் கொடுப்பார். அந்தப் பெயரைப் பார்த்ததும் அவருக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. விசா காகிதத்தில் தவறு இருக்கிறது, என்னைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், போனை வாங்கிக்கொண்டார்கள், அதில் கூப்பிட வேண்டாம், அதிலிருந்து பதில் வந்தால் அது நான் இல்லை, வக்கீலுக்கு உடனே பணம் கட்டாவிட்டால் சிறைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று இங்கிலீஷில் எழுதி, கடைசியில், அம்மாவிடம் சொல்ல வேண்டாம், அவங்களால் தாங்க முடியாது என்று ஒரு வரி. அதற்குக் கீழே, உங்கள் அன்பு மகன் ஜெகதீசன்.

எந்த மகனாவது தன் அப்பாவுக்கு எழுதும்போது அப்பா பெயரைத் தன் பெயராகப் போட்டுக் கையெழுத்திடுவானா. என்னிடம் காட்டியிருந்தால் அந்த இடத்திலேயே என் கண் நின்றிருக்கும், வாயில் வராத பெயர் என்பதாலேயே எழுத்தில் எங்கே கண்டாலும் நான் ஒரு நிமிஷம் நிற்கிறவள். பிறகு இதை அவரிடம் கேட்டேன். எம் பேரே என்னைக் காப்பாத்துன்னு எழுதி இருந்துது, நான் என்னாத்த யோசிக்கிறது என்றார்.

கூப்பிடாதே என்று போட்டிருந்தும் மனசு கேட்காமல் ஒரு தடவை விடிகாலையில் உனக்குப் போன் செய்திருக்கிறார். நீ தூக்கத்தில் இருந்திருப்பாய். அப்புறம் அதைப் பார்த்துவிட்டு, டூட்டில இருக்கேம்பா, ஞாயித்துக்கிழமை பேசறேன் என்று ஒரு வரி அனுப்பினாய். உன் போனை வைத்திருப்பவர்கள்தான் அதை எழுதினார்கள் என்று எடுத்துக்கொண்டார். நீ நிஜமாக எழுதியது பொய்யாகவும் எவனோ எழுதியது நிஜமாகவும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. மாடி கட்ட வைத்திருந்த டெபாசிட்டை உடைக்க பேங்குக்குப் போனபோது கவுன்டரில் இருந்த பெண், வீட்ல மேடத்துக்குத் தெரியுமா சார் என்று கேட்டதாம். தெரியும்மா, பொண்ணு அட்மிஷனுக்கு என்று சொல்லியிருக்கிறார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர், அந்த ஒரு பொய்யை உனக்காகச் சொல்லியிருக்கிறார். பணம் போனதும் இன்னொரு மெயில் வந்து, உன் பாஸ்போர்ட் நகலும் மார்க் ஷீட்டும் கேட்டது. அதையும் அனுப்பிவிட்டார். நீ முதல் வேலையாக இதை உன் ஆபீசில் சொல்லி வை, உன் பாஸ்வேர்டையெல்லாம் மாற்று. யாராவது உன் பெயரில் எதையாவது ஆரம்பித்துவிட்டால் பிறகு உன்னால் அங்கே நிரூபிக்க முடியாது.

அவர் எங்களிடம் விஷயத்தைச் சொன்ன அன்று புனிதாதான் அந்த மெயிலைத் திறந்து, பெயரைத் தொட்டால் அதன் கீழே நிஜமான முகவரி தெரியும் என்று காட்டினாள். ஏதோ எழுத்தும் எண்ணும் கலந்து கிடந்தது, உனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அப்பா, இது அண்ணன் ஐடியே இல்லப்பா, இத்த ஒரு தடவை தொட்டுப் பாக்கக்கூடாதா என்று கத்திவிட்டாள், அப்புறம் அவளே அழுதுகொண்டு அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போய் விழுப்புரத்தில் சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுத்தேன். ஆரோக்கியசெல்வி என்று ஒரு எஸ்.ஐ., பொறுமையாகக் கேட்டார். பணம் போன அன்னிக்கே 1930 உதவி நம்பருக்குப் போன் அடிச்சிருந்தா நிறுத்தப் பாத்திருக்கலாங்க, இப்ப கை மாறிப் போயிருக்கும் என்றார். அம்மாவிடம் சொல்லாதே என்ற வரியைக் காட்டி, இத்த எல்லா மெயில்லயும் போடறானுங்கம்மா, பொண்டாட்டிக்கு வந்தா புருஷன்கிட்ட சொல்லாதேன்னு இருக்கும், ஆளுதான் மாறும் என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எழுதியவனுக்கு நம் வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. எந்த வீட்டிலும் ஒருத்தரிடம் மறைத்துத்தான் இன்னொருத்தர் அன்பு காட்டுவார்கள் என்று மட்டும் தெரிந்திருக்கிறது. நம் வீட்டில் அந்த ஒருத்தர் நான். நீ காலேஜ் படிக்கும்போது பைக்கில் விழுந்ததை இரண்டு பேரும் சேர்ந்து என்னிடம் மறைத்தீர்கள், தெரிந்தபிறகு நான் கோபித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், என்னை நோகவிடக்கூடாது என்று இருக்கிறார்களே என்று. இனிமேல் அந்தச் சந்தோஷம் எனக்கு வேண்டாம். யார் எதை எழுதி, யாரிடம் சொல்லாதே என்று சொல்கிறார்களோ, அவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். உனக்கும் இதே பேச்சுதான். எங்கள் பெயரில் ஆஸ்பத்திரி, ஆபத்து, அவசரம் என்று எது வந்தாலும் நீயே கூப்பிட்டு எங்கள் குரலைக் கேட்காமல் ஒரு எழுத்து பதில் போடாதே.

டெப்போவில் எப்படியோ தெரிந்துவிட்டது. கள்ள நோட்டை விரலாலயே கண்டுபுடிக்கிற ஆளு, இதுல கோட்டை உட்டுட்டாரே என்று ஒருத்தர், என்னா கண்டக்டரே, மெயிலுக்கும் டிக்கெட் போட்டு அனுப்பிச்சியா என்று இன்னொருத்தர். கேலியாகத்தான் சொன்னார்கள், அடுத்த நாளிலிருந்து லீவு போட்டுவிட்டார். அவர் வண்டி டிரைவர் சீனுவாசன் மட்டும் டூட்டி முடிந்து வந்து கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். போன வாரம் நான் ஸ்கூல் வேலை முடிந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது, அவர் போன் உள்ளே மேஜைமேல் அணைந்து கிடந்தது. தேடிக்கொண்டு போனேன். கிடங்கல் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தார், செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் ஜோடியாக வைத்திருந்தார். என்ன என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இங்க காத்து நல்லா வருது என்றார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். அவர் எழுந்தபிறகுதான் எழுந்தேன். மறுநாளே முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் கூட்டிப் போனேன். மாத்திரை கொடுத்திருக்கிறார், தனியாக விடாதீர்கள் என்றார். நான் லீவு எடுத்திருக்கிறேன், நான் கடைக்குப் போனால் புனிதா இருக்கிறாள்.

கோபி, அவரை உறுத்துவது பணம் இல்லை. நீ சிரித்தது அவர் காதிலேயே இருக்கிறது. புள்ள குரலு தெரியும், புள்ள எழுத்து தெரியலியே என்று இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டார். அதனால் நீ பணம் அனுப்பாதே, வேலையை விட்டுவிட்டு ஓடியும் வராதே. அவரிடம் பேசு. பரவாயில்லப்பா என்று மட்டும் சொல்லாதே, இங்கே எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் தலையை இன்னும் தொங்கப்போடுகிறார். கோபம் வந்தால் கோபித்துக்கொள், ஏம்பா என்னை ஒரு வார்த்தை கேக்கல என்று சண்டை போடு, அவர் திருப்பிக் கத்தட்டும். அவர் போன் அணைந்துதான் கிடக்கிறது, புனிதா நம்பருக்குக் கூப்பிட்டு அவரிடம் கொடுக்கச் சொல். முதலில் வாங்க மாட்டார். விடாதே.

குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, ராத்திரி சாப்பாட்டை ரொட்டியோடு முடிக்காதே. நூறு வயசுக்கு நல்லபடியாக இரு. கடிதம் கைக்கு வந்த அன்றே கூப்பிட வேண்டும், மறக்காதே.

இதை அவருக்குத் தெரியாமல் எழுதவில்லை, பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதி அவர் கையிலேயே படிக்கக் கொடுத்தேன். கடைசி வரைக்கும் படித்தார். ஏரிக்கரை சமாச்சாரத்தை மட்டும் அடிச்சிடு என்றார். மாட்டேன் என்றேன். அவர் எழுந்து போகவில்லை.

ஆசிகளுடன்,
உன் அம்மா
அமுதவல்லி