பரணில் இல்லாத காவடி

பிரியா,

சாம்பார் அடுப்பு மேலேயே இருக்கிறது. சாவியை மீட்டர் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

கொஞ்ச நாளாக நீ முட்டை தொடுவதில்லை. செருப்பும் போடுவதில்லை. கேட்டால், "கடிக்குது நைனா" என்கிறாய். இன்று கொடியில் அம்மாவின் மஞ்சள் புடவை காய்கிறது. எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. அம்மா இறந்து வருஷம் திரும்பவில்லை, ஆடிக்கிருத்திகைக்கு நாம் மலை ஏறக்கூடாது என்று நேற்றுதானே அவ்வளவு சண்டை போட்டோம்? திருட்டுத்தனமாக ஏறிவிடலாம் என்று நினைக்காதே.

அம்மாவின் காவடியைப் பரணில் தேடவும் வேண்டாம்.

பி.கு.: காவடி என்னிடம்தான் இருக்கிறது. பூக்கட்ட எடுத்துப் போகிறேன். உன் அத்தை மகன் கதிரவனுக்குத் தீட்டு இல்லை. "நான் தூக்கிகினு போறேன் மாமா" என்றான். நாம் அடிவாரத்தில் நின்று கும்பிடுவோம். குளித்துவிட்டு வந்துவிடு. செருப்பு வேண்டாம்.

நைனா